கை நனைக்கிற வீடு

யோசுவா: இந்தக் கத்தி கொள்ளாது பூமாரி. வெங்காயம் அரியத்தான் லாயக்கு.

பூமாரி: நேத்துதான சாணை பிடிச்சுக் கொண்டாந்தீங்க?

யோசுவா: அது ஓட்டல் கத்தி. இது வீட்டுக் கத்தியாக்கும்.

பூமாரி: இதுதான் அது. பிடியில நூல் சுத்தியிருக்கு பாருங்க. நான் சுத்தின நூலு.

யோசுவா: ஓ... இதா அது.

பூமாரி: மணி எட்டரை. பன்னெண்டு மணிக்கு எங்க அண்ணன் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டுல பஸ்ஸ விட்டு இறங்குதாவ. நமக்குக் கல்யாணம் முடிஞ்சு ஒம்பது வருசத்துல மொத தடவயா இந்த வாசப்படிய மிதிக்கப் போறாவ. இன்னும் ரெண்டு சேவலும் கூடைக்குள்ள உக்காந்து கூவிக்கிட்டு கெடக்கு.

யோசுவா: கூவட்டு. கூவதுக்குத்தானே சேவல்.

பூமாரி: திங்கதுக்கு.

யோசுவா: முட்டைக்குன்னு சொல்லித்தானே வாங்கின? குஞ்சு விக்க வந்த வேன்காரன் 'எல்லாம் பெட்டை, எல்லாம் பெட்டை'ன்னு மைக்குல கத்துனான். நீயும் நம்பி ஓடினா...

பூமாரி: வாங்கினது ஆறு. நாலு செத்துப்போச்சு. பொழச்ச ரெண்டும் கொண்டைய வச்சுக்கிட்டு நின்னுச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?

யோசுவா: ஒண்ணும் செய்யாண்டாம்னுதான் சொல்லுதேன். நேரா சந்தைக்குப் போறேன், பிராய்லர் மூணு கிலோ வாங்கிட்டு...

பூமாரி: பொறந்த வீட்டு ஆளு மொதமொத வந்தா கடைக்கோழியா போடுவாவ? எங்க ஊர்ல காறித் துப்பிருவாவ.

யோசுவா: ஒனக்க அண்ணன் ஒம்பது வருசமா நம்ம மேல துப்பினது போதாதா?

பூமாரி: அதப் பேசாதீங்க.

யோசுவா: பேசுவேன். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், அவனுக்க தங்கச்சியக் கூட்டிட்டு ஓடினவன். எனக்க மொகத்துல முழிக்க மாட்டேன்னான். செரி, முழிக்காண்டாம். எனக்க சேவல் மட்டும் அவனுக்கு வேணுமோ?

பூமாரி: ஒங்க சேவலா? தீனி போட்டது யாரு? கூடு கழுவுனது யாரு?

யோசுவா: பேரு வச்சது நானாக்கும்.

பூமாரி: ஆமா, பெரிய பேரு. கண்டக்டரு, ஜமீனு.

யோசுவா: பின்ன? அவன் விசிலடிச்ச மாதிரி கூவுதான், அதான் கண்டக்டர். இவன் நடந்தா இந்த விழிஞ்ஞம் ஊரே தனக்குன்னு நடக்கான், அதான் ஜமீன். பேரு மட்டும் வைக்காம இருந்திருந்தா எப்பவோ அறுத்திருப்பேன் பாத்துக்கோ.

பூமாரி: ஓட்டல்ல தினம் அறுபது கிலோ கோழி வெட்டுத ஆளு பேசுத பேச்சா இது?

யோசுவா: ஓட்டலுக்கு வர்ற கோழி தோலுரிச்சு, தலையில்லாம, பெட்டியில ஐஸோட வரும். அதுக்குப் பேரு கெடையாது, மொகம் கெடையாது. என்னைப் பாத்து கழுத்தச் சாய்க்காது... இதா பாரு, சாய்க்கான்.

பூமாரி: அங்க பாக்காதீங்க. இங்க பாருங்க. வெந்நி கொதிச்சிட்டு. மஞ்சள் அரைச்சாச்சு, தேங்கா வறுத்தாச்சு. ஆர்ஷா வேதபாட வகுப்பு முடிஞ்சு வர்றதுக்குள்ள அறுத்து, எறகு பப்பெல்லாம் பறிச்சு, தீயில வாட்டிரணும். பிள்ளை பாத்தா அழும்.

யோசுவா: யாரு, ஆர்ஷாவா? நேத்து அவகிட்ட கேட்டேன். 'மக்களே, கண்டக்டர அறுக்கப் போறோமே, ஒனக்கு வெசனம் இல்லியா'ன்னு. டிவியில இருந்து கண்ண எடுக்கல. 'லெக் பீஸ் எனக்கு'ன்னுட்டா.

பூமாரி: எட்டு வயசுப் பிள்ளைக்கு இருக்க தைரியம் ஒங்களுக்கு இல்ல.

யோசுவா: இல்லதான். எழுதி ஒட்டிக்கோ.

பூமாரி: அப்ப தள்ளுங்க. நான் அறுக்கேன்.

யோசுவா: நீயா? கரப்பானப் பாத்தா கட்டில்ல ஏறி நிக்க ஆளு நீ.

பூமாரி: கரப்பான் பறக்கும்.

யோசுவா: சேவல் பறக்காதா?

பூமாரி: பேச்ச வளக்காதீங்க. ஜமீன எடுத்து இங்க கொண்டாங்க, கால நான் கட்டுதேன்... இதென்ன, இரைப்பை கல்லு கணக்கா இருக்கு? ஏங்க, நேத்துல இருந்து பட்டினி போட்டு கூடையில கவுத்து வச்சிருக்கேன். யாரு தீனி போட்டா?

யோசுவா: எனக்கெப்படித் தெரியும்?

பூமாரி: யோசுவா!

யோசுவா: பேரச் சொல்லியா கூப்பிடுக? செரி... காலைல ரெண்டு பிடி போட்டேன். பச்சரிசி.

பூமாரி: பச்சரிசியா! ஆப்பத்துக்கு ஊறப்போட எடுத்து வச்ச அரிசி!

யோசுவா: தூக்குல போடுதவனுக்கே கடைசியா என்ன வேணும்னு கேட்டுக் கொடுக்கான். இவனுகளுக்கு ரெண்டு பிடி அரிசி கூடாதா?

பூமாரி: கொடுத்தீங்கல்லா, இரைப்பைய நீங்களே கழுவுங்க. நான் தொடமாட்டேன்.

ரெம்யா: சேச்சி! எந்தா இது பஹளம்? மதிலுக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேக்குது கேட்டோ.

பூமாரி: ஒண்ணுமில்ல ரெம்யா. எங்க வீட்டுக்காரருக்குச் சேவல் அறுக்கக் கை வரல. நீ பக்கத்து வீட்ல இருந்துக்கிட்டு நல்லா வேடிக்கை பாரு.

ரெம்யா: அய்யோ பாவம் சேட்டன்! ஞான் ஒரு வழி சொல்லட்டா? எங்க அம்மை வீட்டுல இப்படித்தான். வளர்த்த கோழிய நாங்க தின்னமாட்டோம். அடுத்த வீட்டுக்குக் கொடுத்துட்டு அவங்க கோழிய நாங்க எடுப்போம். இங்கயும் ரெண்டு பூவன்கோழி நிக்குது. அத நீங்க எடுத்துக்கோ, உங்க பூவன இங்க தா. ஆருக்கும் சங்கடமில்ல.

யோசுவா: கொள்ளாம்! ரெம்யா, நீ தங்கமாக்கும். கேட்டியா பூமாரி? இவனுக ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போகட்டும்...

பூமாரி: போயி?

யோசுவா: போயி... அங்க...

பூமாரி: அங்க அறுக்க மாட்டாவளா? மதிலுக்கு அந்தப் பக்கம் செத்தா அது சாவு இல்லியா?

யோசுவா: நம்ம கண்ணுல படாது.

பூமாரி: நம்ம காதுல விழும். கண்டக்டர் தொண்டை ஹார்பர் வரைக்கும் கேக்கும்.

ரெம்யா: அப்ப மாத்த வேண்டாமா சேச்சி?

பூமாரி: வேண்டாம் ரெம்யா. நான் வளத்ததத்தான் நான் போடணும். யாரோ வளத்தத வாங்கிப் போடணும்னா கடைக்கே போயிருப்பேனே. என் கையால தீனி போட்டு, கழிச்சல் வந்தப்ப வாயத் தொறந்து மஞ்சத்தண்ணி ஊத்தி, மரநாய் வந்தப்ப வெளக்குமாத்தோட ஓடி... அப்படி வளத்தது. அதத்தான் இந்த வீட்டு எலையில வைப்பேன்.

ரெம்யா: செரி செரி. பின்ன, உச்சைக்கு சோறுண்ண நாங்க அஞ்சு பேரும் வந்துருவோம். நீ நேத்தே பறஞ்சதுனால இங்க நான் அடுப்பே பத்த வைக்கல.

யோசுவா: அஞ்சு பேரா?

ரெம்யா: எங்க மாமியாரும் உண்டு சேட்டா. ஞான் போய்க் குளிக்கட்டு.

யோசுவா: ...பூமாரி.

பூமாரி: என்ன?

யோசுவா: ரெம்யா வீட்டுல மொத்தப் பேரையும் கூப்பிட்டிருக்க.

பூமாரி: ஆமா.

யோசுவா: வேற யாரு?

பூமாரி: ஒங்க ஓட்டல்ல புரோட்டா போடுத விஜய்குமாரும், அவன்கூட ரூம்ல இருக்க மூணு பேரும்.

யோசுவா: ஒனக்க அண்ணன் ஒருத்தன் வர்றதுக்கு இத்தன கூட்டமா?

பூமாரி: ரெண்டு சேவல ஒரு ஆளு திங்க முடியுமா?

யோசுவா: அது செரி... நான் தம்பானூருக்கு எத்தன மணிக்குக் கெளம்ப? பதினொண்ணுக்குப் பஸ் பிடிச்சாத்தான் நேரத்துக்கு...

பூமாரி: நீங்க போவேண்டாம்.

யோசுவா: போவாண்டாமா?

பூமாரி: அண்ணன் ஆட்டோ பிடிச்சு வந்துருவாவ.

யோசுவா: வழி தெரியுமா?

பூமாரி: கேட்டு வருவாவ. நாக்கு இருக்குல்லா.

யோசுவா: ...நாக்கு இருக்கு. செரி, போன் போட்டு பஸ் ஏறியாச்சான்னு கேக்கட்டா?

பூமாரி: வேண்டாம்! பஸ்ல தூங்குவாவ. எழுப்பாதீங்க.

யோசுவா: செரி, எழுப்பல... ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அவன் வந்து, ஒரு வாய்த் தண்ணிகூட குடிக்காம, 'இன்னைக்கு விரதம்'னு எந்திரிச்சா என்ன செய்வ? ஓணத்துக்கு வாரேன்னான். வரல. இவனுக பொழச்சானுக. கிறிஸ்மஸுக்கு வாரேன்னான். வரல. திரும்பவும் பொழச்சானுக. அவன் ஒவ்வொரு தடவ வராம இருக்கப்பவும் இவனுகளுக்கு ஆயுசு கூடுது. ஒனக்க அண்ணன் வீரபாண்டிதான் இவனுகளுக்குக் காவல் தெய்வம்.

பூமாரி: இந்தத் தடவ பொழைக்காது.

யோசுவா: ஏன்?

பூமாரி: பொழைக்காதுன்னா பொழைக்காது.

யோசுவா: அவனுக்காக இப்படி நிக்கியே, அதுதான் எனக்கு ஆறல.

பூமாரி: அவனுக்காகன்னு யாரு சொன்னா?

யோசுவா: பின்ன யாருக்கு?

பூமாரி: எங்க அப்பா செத்த அன்னைக்கு நம்ம ரெண்டு பேரையும் பந்தலுக்கு வெளிய நிக்க வச்சான். ஞாபகம் இருக்கா? ஊரு சனம் பூரா பந்தியில உக்காந்து சாப்பிட்டுச்சு. செத்தது என் அப்பா. எனக்கு ஒரு எல போடல. நீங்க பக்கத்துக் கடையில பன்னு வாங்கிக் கொடுத்தீங்க. நான் மண்டையில அடிச்சு அழுதுக்கிட்டே பன்னு தின்னேன்.

யோசுவா: அத இப்ப ஏன்...

பூமாரி: சொல்ல விடுங்க. அதுக்குப் பொறவும் எனக்குப் புத்தி வரல. அவன் என்னைக்கு வருவான், என்னைக்கு இந்த வீட்ல கை நனைப்பான்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்ல பாத்திரம் எடுத்தா அண்ணன் வாரப்ப எடுப்போம்னு மேல வச்சேன். ஆர்ஷா பொறந்தநாளுக்கு ரெம்யா பாயசம் வச்சுக் கொண்டாந்தா. வெறும் டம்ளர்ல ஊத்திக் குடிச்சோம். அந்த நல்ல பாத்திரம் பரண்ல கெடந்துச்சு.

யோசுவா: பூமாரி...

பூமாரி: வராதவன எண்ணி எண்ணியே, வாற ஆளுகளுக்கு நான் ஒரு நாளும் எல போட்டு சோறு போடல. எனக்கு இன்னைக்கு இந்த வீட்ல சேவக்கொழம்பு கொதிக்கணும். அவன் வந்தா வரட்டும், வராட்டா போகட்டும். பத்துப் பேரு உக்காந்து கை நனைக்கணும். அறுக்கதுக்கு ஒங்களுக்குக் கை வரலன்னா தள்ளி நில்லுங்க. என் கை வரும்.

யோசுவா: கத்திய இங்க தா.

பூமாரி: வேண்டாம், நானே...

யோசுவா: பழகாத கையால அறுத்தா அதுக்குத்தான் நோவு கூடும். தா.

பூமாரி: ...இந்தாங்க.

யோசுவா: நீ ரக்கைய மடக்கிப் பிடி. காலு எனக்க முட்டுக்கு அடியில இருக்கட்டு. கண்ண மூடாத.

பூமாரி: மூடல.

யோசுவா: மூடியிருக்க.

பூமாரி: ஒரு கண்ணுதான்.

யோசுவா: ரெண்டையும் தொற. பிடி விட்டுப் போனா அர உசுரோட ஓடுவான். பாவமாக்கும்.

பூமாரி: சூடா இருக்கு. நெஞ்சு அடிக்கது கையில தெரியுது.

யோசுவா: எனக்கும் அடிக்குது. ஜமீனே... மன்னிச்சுக்கோடே.

பூமாரி: சேவல்கிட்டயா மன்னிப்பு?

யோசுவா: பின்ன ஒனக்க அண்ணன்கிட்டயா? பிடி... பிடி... ம்.

பூமாரி: ஆச்சா?

யோசுவா: ஆச்சு. விடாத. கொஞ்ச நேரம் அடிக்கும்... விடாத... இனி விடு.

பூமாரி: ...அழுதீங்களா?

யோசுவா: வெந்நி ஆவி.

பூமாரி: வெந்நி அடுக்களையில இருக்கு.

யோசுவா: அங்கேருந்து வருது.

பூமாரி: கண்டக்டர் சத்தத்தையே காணோம்.

யோசுவா: பாத்துட்டான்.

பூமாரி: கூடை மேல ஒரு துணியப் போட்டிருக்கலாம். புத்தி இல்ல நமக்கு.

யோசுவா: அவன விட்ருவோமா? ஒண்ணு போதும். உருளைக்கெழங்கு நெறைய வெட்டிப்போட்டு ஒப்பேத்திரலாம்.

பூமாரி: நாளைக்கு ஒத்தையில நின்னு கூவுவான். நீங்க அதக் கேட்டுக்கிட்டுப் பல்லு தேப்பீங்களா?

யோசுவா: மாட்டேன். கொண்டா.

*

யோசுவா: எத்தன விசில்?

பூமாரி: அஞ்சு ஆயிருக்கு.

யோசுவா: போதும், எறக்கு. கறி பஞ்சாப் போயிரும்.

பூமாரி: இது ஒங்க ஓட்டல் கோழி இல்ல. பத்து மாசம் காடு மேடெல்லாம் ஓடின காலு. இன்னும் அஞ்சு விசில் வேணும்.

யோசுவா: ஜமீனுக்கு உசுரோட இருக்கப்ப இருந்த வீம்பு இப்பவும் போகல.

பூமாரி: சிரிக்க வைக்காதீங்க. பரண்ல இருந்து அந்தப் பாத்திரத்த எடுங்க.

யோசுவா: நல்ல பாத்திரமா?

பூமாரி: நல்ல பாத்திரம்தான். தூசியத் தட்டி எடுங்க.

ரெம்யா: சேச்சி, நாங்க வந்தெத்தி! மணமே ஒரு மணம்! மதில் தாண்டி வந்து மூக்கப் பிடிச்சு இழுக்குது. சேச்சியோட அண்ணன் எங்க? இன்னும் வரலியா? மணி ஒண்ணு ஆச்சே.

பூமாரி: வருவாவ. நீங்க உக்காருங்க.

ரெம்யா: விருந்தாளி வராம நாங்க எப்படி...

யோசுவா: பஸ்ஸு லேட்டாயிருக்கும் ரெம்யா. மலைப்பாதைல்லா. நீ உக்காரு, அம்மையயும் உக்கார வை.

ரெம்யா: பத்து நிமிஷம் நோக்கிட்டு...

பூமாரி: நோக்க வேண்டாம். எல போட்டாச்சு. விஜய்குமார் தம்பி, நீங்களும் உள்ள வாங்க, அங்கயே நின்னா எப்படி? மொதப் பந்தி நீங்கதான். கால் துண்டு ரெம்யா மாமியாருக்கு.

யோசுவா: ஒண்ணு ஆர்ஷாவுக்கு. சொல்லி வச்சிருக்கா.

*

பூமாரி: எல்லாரும் போயாச்சு. வாங்க, நாம சாப்பிடுவோம்.

யோசுவா: ரெம்யாவுக்க மாமியார் மூணு தடவ சோறு வாங்கினா பாத்தியா? பல்லு நாலுதான் இருக்கு. எலும்ப விடல.

பூமாரி: விஜய்குமார் எலைய வழிச்ச வழியில எல கிழிஞ்சு போச்சு.

யோசுவா: ஆர்ஷா காலக் கடிச்சிட்டு, 'அப்பா, இது கண்டக்டரா ஜமீனா'ன்னு கேட்டா. 'தெரியல மக்களே, தின்னு'ன்னேன்.

பூமாரி: நீங்க இன்னும் ஒரு வாய் எடுக்கல.

யோசுவா: நீயும்தான் எடுக்கல.

பூமாரி: எடுப்பேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். திட்டாமக் கேளுங்க.

யோசுவா: சொல்லு.

பூமாரி: எங்க அண்ணன் வரமாட்டான். இன்னைக்கு மட்டுமில்ல. வெள்ளிக்கிழமையே போன் பண்ணிட்டான். 'பத்மநாபசாமி கோயிலுக்கு வாரேன், நீ கோயில் வாசல்ல வந்து நில்லு, பாத்துட்டுப் போறேன். அந்த வீட்ல வந்து கை நனைச்சா ஊருக்குள்ள எனக்குத் தல காட்ட முடியாது'ன்னான். 'என் வீட்டு வாசலுக்கு வர முடியாதவன் கோயில் வாசலுக்கும் வரவேண்டாம்'னு சொல்லி வச்சிட்டேன். ஒங்ககிட்ட சொல்லல. சொன்னா சேவல விட்ருவீங்க. விட்டா அடுத்த ஓணத்துக்கு நான் திரும்பவும் வாசலப் பாத்துக்கிட்டு உக்காருவேன். எனக்கு இத இன்னையோட முடிக்கணும்னு இருந்துச்சு. ஒங்கள ஏமாத்தித்தான் அறுக்க வச்சேன். கோவம்னா திட்டுங்க. ஆனா செஞ்சது தப்புன்னு மட்டும் சொல்லமாட்டேன்.

யோசுவா: தெரியும் பூமாரி. ஒனக்கு முன்னாடி வியாழக்கிழமையே எனக்குத்தான் போன் பண்ணினான், 'அவகிட்ட பக்குவமாச் சொல்லு'ன்னு. எப்படிச் சொல்லன்னு தெரியாம மூணு நாளா முழுங்கிட்டு நடந்தேன். அவன் வர்றதா இருந்தா நான் ஒரு பப்புகூட பறிச்சிருக்க மாட்டேன். நீ தின்னணும்னு ஆக்கும் அறுத்தேன். சோத்தப் போடு, ரெண்டு பேரும் ஒண்ணா கை நனைப்போம்.